"வேலை செய்கிறீர்களா?" என்று கேட்காதீர்கள்: ஊழியப்படைக் கணக்கெடுப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கு

கதவைத் தட்டி, அடையாள அட்டையைக் காட்டி, உட்காரச் சொன்ன கதிரையில் உட்கார்ந்த பிறகு நீங்கள் கேட்கக் கூடாத முதல் கேள்வி: "நீங்கள் வேலை செய்கிறீர்களா?"

கொழும்பு கொட்டாஞ்சேனையில் இப்படிக் கேட்டால் நிறையப் பெண்கள் "இல்லைப் பிள்ளை, வீட்டிலதான் இருக்கிறன்" என்பார்கள். அதைச் சொல்லும்போதே குசினிக்குள் இடியப்பத் தட்டுகள் அடுக்கியிருக்கும். விடிய நாலு மணிக்கு எழும்பி, மாக் குழைத்து, இடியப்பம் அவித்து, சம்பலும் சேர்த்துச் சந்திச் சாப்பாட்டுக் கடைக்குப் போட்டுவிட்டு வந்திருப்பா. காசு கிழமைக் கடைசியில் வரும். அவவைப் பொறுத்தவரை வேலைக்குப் போகிறவர் என்றால் காலையில் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிறவர். நீங்கள் "தொழில் இல்லை" என்று புள்ளடி போட்டுவிட்டு எழும்பினால், அந்த ஒரு புள்ளடி அந்தக் காலாண்டில் ஏறக்குறைய 800 வீடுகளின் கதையாகிவிடும். ஏன் 800 என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நான் இந்தத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவள். முதலில் கொழும்பு மாவட்டத்தில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். முழங்கால் பிடிக்கத் தொடங்கியதும் மேசைக்கு மாறி, மற்றவர்கள் எழுதிக் கொண்டுவந்த படிவங்களுக்குக் குறியீடு போட்டேன். இப்போது கணக்கெடுப்புக்குத் தெரிவான பிள்ளைகள் யாராவது வந்து, "அன்ரி, என்னென்ன கவனிக்க வேணும்?" என்று கேட்பார்கள். கைநூலைப் படியுங்கள் என்பேன். கைநூல் நல்லதுதான். ஆனால் அது ஏன் அப்படிக் கேட்கச் சொல்கிறது என்பதை யாராவது வாயால் சொன்னால்தான் மண்டையில் ஏறும்.

முதலில் ஆரம்பக் கதை, சுருக்கமாக. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 1990 முதல் ஊழியப்படைக் கணக்கெடுப்பை நடத்துகிறது. ஊழியப்படை என்றால் தொழில் உள்ளவரும் தொழிலற்றவரும் சேர்ந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முடிவு, வருடத்துக்கு ஒரு பெரிய அறிக்கை. யாரைத் தொழில் உள்ளவர் என்பது, யாரைத் தொழிலற்றவர் என்பது, எதை விடுவது என்பதெல்லாம் பத்தரமுல்லைத் தலைமையகத்தில் உட்கார்ந்து நாமாக யோசித்தவை அல்ல. 1919இல் தொடங்கிய சர்வதேச தொழில் தாபனம், அதாவது ஐ.எல்.ஓ., உலக நாடுகளின் தொழிற் புள்ளிவிபரவியலாளர்களை 1923 முதல் அவ்வப்போது கூட்டுகிறது. அந்த மாநாடுகளின் தீர்மானங்கள்தான் நம் கேள்விக்கொத்தின் முதுகெலும்பு. 1982இல் 13ஆவது மாநாடும் 2013இல் 19ஆவது மாநாடும் போட்ட தீர்மானங்களின் பெயரையாவது தெரிந்து வைத்திருங்கள். இவை இல்லாவிட்டால் இலங்கையின் தொழிலின்மை வீதத்தைப் பங்களாதேஷின் எண்ணோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வழியில்லை.

எந்த வீடு, யார் வீட்டார்

உங்களுக்குத் தரப்படும் பட்டியலில் இருக்கும் வீட்டுக்கே போங்கள். வெள்ளவத்தை அடுக்குமாடிகளில் கீழே செக்கியூரிட்டி ஐயா "ஒருத்தரும் இல்ல மிஸ், எல்லாரும் ஒஃபிஸ்" என்பார். அப்படியே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டத் தோன்றும். தட்டாதீர்கள். பகலில் பூட்டிக் கிடக்கிற வீட்டில் பெரும்பாலும் எல்லோரும் தொழில் பார்க்கிறார்கள். பகலில் திறக்கிற கதவுக்குப் பின்னால் தொழில் இல்லாதவர்கள் கூடுதலாக இருப்பார்கள். உங்கள் வசதிக்காக வீட்டை மாற்றினால் தொழிலின்மை வீதத்தை உங்கள் கையாலேயே ஏற்றிவிடுகிறீர்கள். பின்னேரம் போங்கள், ஞாயிறு காலையில் போங்கள். பூசைக்கும் சேர்ச்சுக்கும் போய் வந்த பிறகு மனிதர்கள் நல்ல மனநிலையில் இருப்பார்கள்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது உண்மைதான், பானை முழுதும் ஒரே அளவில் வெந்திருந்தால். வெள்ளவத்தை மாடியும் மட்டக்குளி வரிசை வீடும் பதுளைத் தோட்ட லயமும் ஒரே அளவில் வேகவில்லை. அதனால்தான் நாட்டை மாவட்டமாகவும் நகரம், கிராமம், தோட்டமாகவும் பிரித்து, தொகைமதிப்புக்காக ஏற்கெனவே வகுத்த சிறு வட்டாரங்களில் சிலவற்றைத் தெரிந்து, ஒவ்வொன்றிலும் சில வீடுகளைக் குலுக்கி எடுக்கிறார்கள். வருடத்துக்கு 25,000க்குச் சற்று அதிகமான வீடுகள். காலாண்டுக்கு 6,400 போல. நாட்டில் 50 லட்சத்துக்கு மேல் வீட்டார் இருக்கிறார்கள். வகுத்துப் பாருங்கள், அந்த 800 வரும்.

வீட்டுக்குள் போனதும் யார் யார் வீட்டார் என்று எழுத வேண்டும். சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு வீட்டார். ஒரே கூரைக்குக் கீழே அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் தனித்தனி அடுப்பு என்றால் இரண்டு வீட்டார், இரண்டு படிவம். அறை வாடகைக்கு இருக்கும் ஹட்டன் பிள்ளை வீட்டுக்கார அம்மாவோடு சாப்பிட்டால் அந்த வீட்டாரில் ஒருத்தி. தானே சமைத்தால் அல்லது கடையில் எடுத்தால் தனி வீட்டார். விடுதி, மடம், சிறைச்சாலை, முகாம் இவை நம் கணக்கில் இல்லை. கட்டாரில் இருக்கும் மகனையும் எழுத முடியாது, எவ்வளவு காசு அனுப்பினாலும். தாய்மார் அவனைத்தான் முதலில் சொல்லுவார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், தலையாட்டுங்கள், எழுதாதீர்கள்.

பெயர்களைக் கேட்கும்போது சிலர் முகம் மாறும். வீட்டில் யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்த யுத்த காலத்தைக் கொழும்புத் தமிழர் மறக்கவில்லை. அவசரப்படுத்தாதீர்கள். இது புள்ளிவிபரக் கட்டளைச் சட்டத்தின் கீழ் எடுப்பது, ஒருவரின் விபரம் தனியாக வெளியே போகாது, வருமான வரிக்கும் போகாது, அஸ்வெசும நிவாரணக் கொடுப்பனவுக்கும் போகாது என்று சொல்லுங்கள். அதே மூச்சில், இதனால் உங்களுக்கு உதவி எதுவும் கிடைக்காது என்பதையும் சொல்லுங்கள். உதவி கிடைக்கும் என்று நினைக்கிற வீட்டில் எல்லோரும் தொழிலற்றவர் ஆகிவிடுவார்கள்.

கேள்வியின் ஒழுங்கு

கேட்பதெல்லாம் கடந்த ஒரு வாரத்தைப் பற்றி. வழக்கமாக என்ன செய்வீர்கள் என்பதல்ல. நாட்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: "போன திங்கள் தொடங்கி ஞாயிறு வரைக்கும், அக்கா, காசுக்காக ஏதாவது செய்தீங்களா, ஒரு மணித்தியாலம் என்றாலும் பரவாயில்லை?" இல்லை என்றால் விட்டுவிடாதீர்கள். ஏதாவது செய்து விற்றீர்களா? யாருக்காவது தைத்துக் கொடுத்தீர்களா? பிள்ளைகளுக்கு டியூசன்? வீட்டுக்காரரின் கடையில் நின்றீர்களா, சம்பளம் இல்லாமல்? இந்த வரிசையில் போனால் இடியப்பம் தானாக வெளியே வரும். "ஓ, அது செய்யிறனான்தானே" என்பா.

ஒரு மணித்தியாலம் என்பதைக் கேட்டு எல்லோரும் சிரிப்பார்கள். கிழமைக்கு ஒரு மணித்தியாலம் உழைத்தவனையும் தொழில் உள்ளவன் என்று சொல்லி அரசாங்கம் எண்ணைக் குறைத்துக் காட்டுகிறது என்பது பழைய குற்றச்சாட்டு. இது எந்த அரசாங்கமும் உள்ளூரில் போட்ட விதி அல்ல, 1982 தீர்மானத்தில் இருப்பது. ஒரு நாட்டின் உற்பத்தியில் யாருடைய உழைப்பெல்லாம் கலந்திருக்கிறதோ அத்தனையும் கணக்கில் வர வேண்டும் என்பதற்காக வைத்த வாசல் அது. போதாத உழைப்பைப் பிடிக்கத்தான் அடுத்ததாக மணித்தியாலக் கேள்வி இருக்கிறது: கூடுதல் நேரம் உழைக்க விருப்பமா, அதற்குத் தயாரா என்று கேட்டுக் கீழுழைப்பைத் தனியாக எடுக்கிறோம். தீர்மானத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. முதல் எண்ணை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு இரண்டாவதை மறந்துவிடும் பழக்கத்தைத்தான் குறை சொல்ல வேண்டும்.

அந்த வாரம் வேலைக்குப் போகாதவரும் தொழில் உள்ளவராக இருக்கலாம். பிரசவ லீவில் இருக்கும் ஆசிரியை, காய்ச்சலில் படுத்த கிளார்க், ஊர்த் திருவிழாவுக்குப் போன கடைக்காரர், எல்லோரும் திரும்பிப் போக ஒரு தொழில் உள்ளவர்கள். காரணம் நோய், லீவு, பிரசவம் என்றால் பிரச்சினையில்லை. வேறு காரணம் என்றால் எத்தனை நாளில் திரும்புவார், சம்பளம் தொடர்கிறதா என்று பாருங்கள். பொதுவாக மூன்று மாதம் எல்லை.

2013 தீர்மானம் உழைப்பை ஐந்து வகையாகப் பிரித்தது. கொழும்பில் ஒரே ஒழுங்கைக்குள் நான்கையாவது பார்க்கலாம். காசுக்கோ இலாபத்துக்கோ செய்வது தொழில். தன் வீட்டுக்காகச் சமைப்பதும் வளவில் வைத்த மரவள்ளியைக் கிண்டிச் சாப்பிடுவதும் சொந்தப் பாவனைக்கான உழைப்பு. கராஜில் காசு வாங்காமல் தொழில் பழகும் பொடியன் செய்வது சம்பளமற்ற பயிற்சி உழைப்பு. முதலாளி கிழமைக்கு ஏதாவது கையில் கொடுத்தால் அது தொழில் ஆகிவிடும், அதனால் கட்டாயம் கேளுங்கள். ஆடிவேலில் தண்ணீர்ப் பந்தலில் நின்றவர் தொண்டர். மற்றவை எல்லாம் ஐந்தாவது கூடைக்குள். தொழில் உள்ளவர் என்று எண்ணுவது முதல் வகையை மட்டும்தான்.

மூன்று பிள்ளைகளையும் படுக்கையில் கிடக்கும் மாமியையும் பார்க்கிற பெண்ணின் உழைப்பு இதில் எங்கே என்று கேட்டால், அது உழைப்பு என்று தீர்மானம் ஏற்கிறது. ஆனால் ஊழியப்படை எண்ணில் அவ வெளியே. அதை அளக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு வேண்டும். இலங்கையில் 2017இல் ஒன்று நடந்தது. காலாண்டுக்கு ஒன்று வருவதும் எப்போதாவது ஒன்று வருவதும் ஒரே மரியாதையைப் பெறாது என்பது என் அபிப்பிராயம்.

யார் தொழிலற்றவர்

மூன்றும் சேர்ந்திருந்தால் மட்டும்: அந்த வாரம் தொழில் இல்லை, கடந்த நான்கு வாரத்தில் தேடினார், கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் தொடங்கத் தயார். தொழிலும் இல்லாமல், தேடலோ தயார் நிலையோ குறைந்தால் ஊழியப்படைக்கு வெளியே.

இங்கேயும் "வேலை தேடுகிறீர்களா?" என்ற கேள்வி உதவாது. ஏ.எல். எழுதிவிட்டு இருக்கும் பொடியனிடம் தாய் பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் "ஓம் ஓம்" என்பான். என்ன செய்தான் என்று கேளுங்கள். ஞாயிறு பத்திரிகை பார்த்து விண்ணப்பம் போட்டானா? சிநேகிதனிடம் சொல்லி வைத்தானா? சி.வி.யை எங்காவது ஏற்றினானா? சொந்தமாகக் கடை போட இடம் பார்த்தானா, கடன் கேட்டானா? இவை எல்லாம் தேடல்தான், தீர்மானத்தின் பட்டியலிலேயே இருக்கின்றன. பட்டம் முடித்துவிட்டு அரச நியமனத்துக்காகக் காத்திருக்கும் பிள்ளை, நான்கு வாரமாக வேறு ஒன்றும் செய்யவில்லை என்றால் தொழிலற்றவர் ஆகமாட்டார். ஆனால் கிடைத்தால் நாளைக்கே போகத் தயார் என்கிறார். இவர்களை விட்டுவிடாமல், "சாத்தியமான ஊழியப்படை" என்று 2013இல் ஒரு தனி இடம் கொடுத்தார்கள். தேடிக் களைத்தவர்களும், தேடினாலும் குழந்தையை விட்டு உடனே போக முடியாத தாய்மாரும் அங்கேதான்.

ஏஜென்சியில் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு விசாவுக்குக் காத்திருப்பவர் கொழும்பில் எந்த ஒழுங்கையிலும் இருப்பார். இவரைப் பற்றிப் புதியவர்கள் எப்போதும் குழம்புவார்கள், "போகப் போகிறவர்தானே" என்று. வெளிநாட்டில் உழைக்கப் போக நடவடிக்கை எடுத்து, புறப்படக் காத்திருக்கும் தொழிலில்லாதவர் தொழிலற்றவரே என்று 2013 தீர்மானம் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. நம்மைப் போன்ற நாடுகளை நினைத்து எழுதிய வரி அது என்று நான் நினைப்பேன். 2022இல் மட்டும் இங்கிருந்து 3 லட்சத்துக்கு மேற்பட்டோர் பதிந்து வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள்.

முடிந்தவரை ஆளிடமே கேளுங்கள். அப்பா மகளுக்காகச் சொல்வதும் மனைவி கணவனுக்காகச் சொல்வதும் சம்பளத்திலும் தேடலிலும் எப்போதும் பிழைக்கும். அதுவும் மகன் என்ன செய்கிறான் என்று தகப்பனுக்குத் தெரிந்த வீடு அபூர்வம்.

நேரத்தை எண்ணுவது

உண்மையில் உழைத்த மணித்தியாலம், வழக்கமாக உழைக்கும் மணித்தியாலம் இரண்டும் வேறு வேறு. நாள் நாளாகக் கேட்டுக் கூட்டுங்கள். "எட்டு மணித்தியாலம்" என்று ஒரே வாயில் வரும் பதிலை நம்ப வேண்டாம். 2008இல் 18ஆவது மாநாடு எதையெல்லாம் சேர்ப்பது என்று தெளிவாகச் சொன்னது. ஸ்டாண்டில் ஹயருக்காகக் காத்திருக்கும் ஓட்டோக்காரரின் நேரம் உள்ளே. தேநீர் குடிக்கும் சிறு இடைவேளை உள்ளே. மதியச் சாப்பாட்டு நேரம் வெளியே. வத்தளையில் இருந்து கோட்டைக்குப் பஸ்ஸில் வரும் நேரமும் வெளியே, என்னதான் நின்றுகொண்டே வந்தாலும். 2022இல் பெற்றோல் வரிசையில் நாட்கணக்காக நின்ற ஓட்டோக்காரர்கள் அதை வேலை நேரம் என்று சொன்னபோது சில பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை. தொழிலுக்குத் தேவையான பொருளை வாங்கப் போவதும் அதே தீர்மானத்தில் வேலை நேரத்துக்குள் வருகிறது. என் கணக்கில் அந்த வரிசையும் அதில் சேரும்.

தொழிலை எழுதுவது

மேசையில் இருந்தபோது என் பொறுமையைச் சோதித்த மூன்று பதில்கள்: "பிஸ்னஸ்", "கொம்பனியில்", "கடையில்". இவற்றுக்கு எந்தக் குறியீடும் போட முடியாது. படிவத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அவர் கையால் என்ன செய்கிறார்? அவர் உழைக்கும் இடம் என்ன செய்கிறது? முதலாவது சர்வதேசத் தொழில் வகைப்படுத்தலின் 2008 பதிப்புக்குப் போகிறது, இரண்டாவது கைத்தொழில் வகைப்படுத்தலின் நான்காம் திருத்தத்துக்கு. ஆஸ்பத்திரியில் கணக்கு எழுதுகிறவருக்குத் தொழில் கணக்கு, துறை சுகாதாரம். பேக்கரி வேன் ஓட்டுகிறவருக்குத் தொழில் சாரதி, துறை பாண் உற்பத்தி.

குறியீட்டை நீங்கள் போட வேண்டியதில்லை. ஆனால் மேசையில் இருப்பவர் என்ன தேடுவார் என்று தெரிந்தால் எழுத்து தானாகத் திருந்தும். புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமிக்கு 9333. ஓட்டோ ஓட்டுபவர் காரோட்டியோடு சேரமாட்டார், மோட்டார் சைக்கிள்காரர்களோடு 8321இல் இருப்பார். அளவெடுத்துச் சட்டை தைக்கும் டெய்லர் 7531, காமென்ற்சில் மெசினில் காலர் மட்டும் தைக்கும் பிள்ளை 8153. "தையல்" என்று மட்டும் எழுதி வந்தால் நான் நாணயத்தையா சுண்டிப் பார்ப்பது? "வீட்டில், அயலவர் கொண்டுவரும் துணிக்கு அளவெடுத்துச் சட்டை, பிளவுஸ் தைப்பவர்" என்று எழுதுங்கள். ஒரு வரி, எல்லாம் முடிந்தது.

காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் சூன் பாண் ஓட்டோவை எடுத்துப் பாருங்கள். அவர் ஓட்டுவது உண்மை. ஆனால் பிழைப்பு விற்பதில். வண்டி யாருடையது? பாண் யாருடையது? விற்காமல் மிஞ்சியதைத் திருப்பிக் கொடுக்கலாமா? விலையை யார் வைக்கிறார்? சம்பளமா, கமிஷனா? இவற்றைக் கேட்டால்தான் அவர் சம்பள ஊழியரா, சொந்தக் கணக்கில் உழைப்பவரா என்று தெரியும். பழைய வகைப்படுத்தலில் இந்த இரண்டுக்கும் நடுவில் இடம் இல்லை. 2018இல் 20ஆவது மாநாடு நடுவில் ஒரு வகையைச் சேர்த்தது: சொந்தமாகத் தொழில் செய்பவர் போலத் தெரிவார், ஆனால் விலையும் வேலையும் இன்னொருவர் கையில் இருக்கும். அதைச் சார்ந்துழைக்கும் ஒப்பந்தக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசி அப் மூலம் ஹயர் ஓடுகிறவர்களும் சாப்பாடு கொண்டு போகிறவர்களும் இதில்தான் வருவார்கள். "ஓட்டோ சொந்தமா?" என்ற ஒரே கேள்வியோடு நிறுத்தினால் இவர்கள் எல்லோரும் முதலாளிகளாகிவிடுவார்கள்.

சம்பள ஊழியர் என்றால் ஈ.பி.எஃப்., அதாவது ஊழியர் சேமலாப நிதி, கட்டுகிறார்களா என்று கேட்க மறக்க வேண்டாம். ஊழியரிடம் 8 சதவீதம், தொழில்தருநரிடம் 12, அதோடு ஊழியர் நம்பிக்கை நிதியான ஈ.ரி.எஃப்.புக்குத் தொழில்தருநரிடம் 3. இது முறைசாராத் தொழிலைப் பிரித்தெடுக்கும் கேள்வி. செட்டியார் தெருவில் கண்ணாடிக் கதவு போட்ட கடையில் நிற்பவருக்கு அது இல்லாமல் இருக்கலாம். கடையின் பளபளப்பைப் பார்த்து நீங்களே "ஆம்" போடாதீர்கள்.

படிவம் உங்கள் கையை விட்ட பிறகு

இந்தப் பகுதியை அதிகாரிகள் பார்த்துக்கொள்வார்கள், அதனால் விரைவாகவே சொல்கிறேன். ஒவ்வொரு வீட்டுக்கும் அது எத்தனை வீடுகளுக்காக நிற்கிறதோ அந்த நிறை கொடுக்கப்படும். பதில் கிடைக்காத வீடுகளுக்காகத் திருத்துவார்கள், சனத்தொகைக்கு ஏற்பச் சரிசெய்வார்கள், மாதிரிப் பிழையைக் கணிப்பார்கள். காலாண்டு மாதிரி மாவட்டத்துக்குத் தாங்காது. மாவட்ட எண் வேண்டுமென்றால் வருட அறிக்கைக்குக் காத்திருக்க வேண்டும்.

அறிக்கையிடல் பக்கம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்து வைத்திருங்கள், வீட்டுக்காரர் "இதெல்லாம் எங்கே போகுது?" என்று கேட்பார். ஐ.எல்.ஓ.வின் 160ஆம் இலக்கச் சமவாயம், அதாவது நாடுகள் ஏற்றுக் கைச்சாத்திடும் உடன்படிக்கை, 1985இல் வந்தது, தொழிற் புள்ளிவிபரங்களுக்கென்றே எழுதப்பட்டது. இலங்கையும் ஏற்றுக்கொண்ட சமவாயம். ஊழியப்படை, சம்பளம், வேலை நேரம், விலைச் சுட்டெண், வீட்டுச் செலவு, தொழில் விபத்து, வேலைநிறுத்தம் என்று எந்தெந்த விடயங்களில் கணக்கு வேண்டும் என அது சொல்கிறது. வரைவிலக்கணத்தை மாற்றும்போது தொழில்தருநர், தொழிலாளர் அமைப்புகளோடு கலந்து பேச வேண்டும். வெளியிட்ட எண்களை ஐ.எல்.ஓ.வுக்கு விரைவில் அனுப்ப வேண்டும். எப்படி எடுத்தோம் என்ற விளக்கத்தையும் பகிரங்கப்படுத்த வேண்டும். தனி ஒருவரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிட அது யாரையும் கட்டாயப்படுத்தாது. கடைசியாகச் சொன்னதை வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், மற்றவை அவருக்கு வேண்டாம்.

சமவாயத்தை எப்படி நிறைவேற்றுகிறோம் என்று அரசாங்கம் சில வருடங்களுக்கு ஒருமுறை ஜெனீவாவில் உள்ள ஐ.எல்.ஓ.வுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அதன் பிரதி தொழிற்சங்கங்களுக்கும் முதலாளிமார் சம்மேளனத்துக்கும் போகும். அவர்கள் தங்கள் கருத்தைச் சொல்லலாம். ஐ.எல்.ஓ.வின் நிபுணர் குழு படித்துவிட்டுக் கேள்வி கேட்கும். இன்னொரு பக்கம், 2015 முதல் இலங்கை சர்வதேச நாணய நிதியத்தின் விசேட தரவு வெளியீட்டு நியமத்தில் சேர்ந்திருக்கிறது. அதனால் எந்த எண் எந்தத் திகதியில் வரும் என்று முன்கூட்டியே நாட்காட்டி போட வேண்டும். எண் நல்லதாக இருந்தால் முந்தியும் கெட்டதாக இருந்தால் பிந்தியும் வெளியிடும் ஆசையை அந்த நாட்காட்டி கொஞ்சம் கட்டிப்போடுகிறது.

எல்லாம் வீட்டுக் கணக்கெடுப்பில் இருந்து வருவதில்லை. வேலைநிறுத்தமும் தொழில் விபத்தும் நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களத்துக்குக் கிடைக்கும் முறைப்பாடுகளிலும் அறிவித்தல்களிலும் இருந்து வருகின்றன. வெளிநாடு போனவர் கணக்கு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பதிவில் இருந்து. இவற்றில் அறிவித்ததுதான் இருக்கும், நடந்தது எல்லாம் இருக்காது. விபத்து எண் குறைவு என்றால் விபத்து குறைவு என்று எடுக்கக் கூடாது.

எண்ணை வாசிப்பது

2023இல் தொழிலின்மை வீதம் 4.7 சதவீதம். இதைக் கேட்டதும் நூறு பேரில் ஐந்து பேருக்குத்தான் தொழில் இல்லை என்று நினைப்பவர்கள் படித்தவர்களிலும் உண்டு. கீழே வகுக்கப்படும் எண் சனத்தொகை அல்ல, ஊழியப்படை. அதே வருடம் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஊழியப்படைக்குள் இருந்தவர் பாதிக்கும் குறைவு. பெண்களில் மூன்றில் ஒருவர்கூட இல்லை. தேடிக் களைத்த ஒருவர் தேடுவதை நிறுத்தினால் அவர் வாழ்க்கை மாறாது, தொழிலின்மை வீதம் மட்டும் குறையும். அதனால் பங்கேற்பு வீதத்தை, அதாவது ஊழியப்படைக்குள் இருப்பவர்களின் பங்கை, முதலில் பாருங்கள், தொழிலின்மையை இரண்டாவதாக, 15 முதல் 24 வயதை மூன்றாவதாக. கடைசி எண் 2023இல் 20 சதவீதத்தைத் தாண்டி நின்றது. 2013 தீர்மானம் தொழிலின்மையோடு நிறுத்தாமல் நான்கு அளவுகோல்களை வைத்தது: தொழிலின்மை தனியாக, தொழிலின்மையோடு கீழுழைப்பு, தொழிலின்மையோடு சாத்தியமான ஊழியப்படை, மூன்றும் சேர்த்து. பத்திரிகைக்கு எழுதும் பிள்ளைகள் நான்காவதைக் கேட்டு வாங்கப் பழக வேண்டும்.

இலங்கைக்கு இணையத்தில் இரண்டு விதமான எண் கிடைக்கும். ஒன்று திணைக்களத்தின் கணக்கெடுப்பில் இருந்து வந்தது. மற்றது எல்லா நாடுகளையும் ஒரே வருடத்தில் ஒப்பிடுவதற்காக ஐ.எல்.ஓ. மாதிரியுருக் கொண்டு மதிப்பிட்டது. உலக வங்கியின் பக்கத்திலும் இரண்டும் தனித்தனியாக இருக்கும். ஒன்றை ஒரு வருடத்துக்கும் மற்றதை அடுத்த வருடத்துக்கும் எடுத்து, "தொழிலின்மை கூடிவிட்டது" என்று கட்டுரை எழுத வேண்டாம்.

பழைய வருடங்களோடு ஒப்பிடும் முன் அட்டவணைக்குக் கீழே இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். ஒரு காலத்தில் 10 வயதுக்கு மேற்பட்டவர்களை எண்ணினார்கள், இப்போது 15. யுத்தத்தால் வடக்கும் கிழக்கும் பல வருடங்கள் கணக்கெடுப்புக்குள் இல்லை, இருந்த வருடங்களிலும் எல்லா மாவட்டமும் இல்லை. 1990களின் "இலங்கை" எண்ணுக்குள் யாழ்ப்பாணம் கிடையாது. வயதும் மாவட்டமும் ஒத்துவரும் வருடங்களை மட்டும் ஒரு வரிசையில் வையுங்கள். ஒத்துவராதவற்றைத் தனி அட்டவணையில் போட்டு, ஏன் பிரித்தீர்கள் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.